கதவின் உட்பக்கத்து முகம்

அக்காவின் முகம் கல்லடி வீட்டு அறைக்கதவில் இருந்தது. யுத்தக் காலத்தில் அவளே வரைந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. அத்தான் படுவான்கரைக்கு நெல் எடுக்கப் போன இடத்தில் செல் குண்டு விழுந்து இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கடைகளில் வர்ணம் வரவில்லை. தோணிகளுக்குப் பூசும் பெயின்டில் மிச்சம் கிடந்ததைக் கடற்கரையில் கேட்டு வாங்கினாள். நீலம், சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. அதனால் நெற்றி நீலம், கன்னம் சிவப்பு. கண்களில் வெள்ளை மட்டும். வாய் ஒரு நேர்கோடு. நெற்றியிலிருந்து நாடிவரை ஒரு பிளவு, இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்.

கதவின் உட்பக்கத்தில்தான் வரைந்திருந்தாள். அறைக்குள் இருந்து கதவைச் சாத்தினால்தான் தெரியும். சுற்றிவளைப்பில் வந்த ஆமிக்காரர்கள் கதவைத் தள்ளிச் சுவரோடு ஒதுக்கினார்கள். அலுமாரி, கட்டில், அரிசிப் பானை எல்லாவற்றையும் பார்த்தார்கள். முகம் சுவரைப் பார்த்து நின்றது.

போன வருடம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளரை நான்தான் கூட்டிவந்தேன். நான் பத்திரிகையில் இருந்த காலத்துப் பழக்கம். அந்தப் பிளவு நவீன ஓவியத்துக்கே உரிய துணிச்சல் என்றார் அவர்.

“கண்ணாடி வெடிச்சிருந்தது சேர்,” என்றாள் அக்கா. “தெரிஞ்ச மாதிரிக் கீறினன்.”

அவர் சிரித்தார். துணிச்சல் என்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, கல்யாணம் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார், தாய் வளவுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வாள். அக்காவுக்காகப் பின்னால் ஓர் அறை கட்டினார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வருவதற்கு முந்திய நாள் மருமகள் என்னிடம் வந்தாள்.

“மாமா, அந்தக் கதவுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லப்போறன்.”

“உங்கட அம்மா கீறின படம் புள்ள.”

“உங்களுக்குப் படம். எனக்கு அப்ப ஆறு வயசு. அம்மா பக்கத்துல படுத்திருப்பா. முழிச்சா கதவுலயும் நிப்பா. எந்த அம்மாவைக் கூப்பிடுறதெண்டு தெரியாம ஒண்ணுக்கும் போகாமக் கிடந்திருக்கன். இனி நான் அதுக்கு முன்னால படுக்க மாட்டன்.”

அக்கா கிணற்றடியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதைச் சொன்னேன்.

“வீட்டக் குடுத்தாச்சு. கதவு மட்டும் என்ட எண்டு சொல்ல ஏலுமா?” என்றாள்.

“அப்ப அடிக்கட்டுமா?”

ஓர் இறாலின் தலையைத் திருகி எடுத்தாள்.

“அவர்ர செத்தவீட்டுல எனக்கு அழுகை வரல்ல. சனம் கதைச்சது. பிறகு, முகம் எப்பிடித்தான் கிடக்கு எண்டு பார்க்கத்தான் கீறினன்.”

அவளுக்கு அது வேண்டும் என்று எனக்கு விளங்கியது. விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வாகனம் அனுப்பி எடுப்பதாகவும் பல்கலைக்கழக மண்டபத்தில் வைப்பதாகவும் சொன்னார். அக்கா வேண்டாம் என்றாள்.

“என்ட மூஞ்சியப் பார்க்க நான் பஸ் ஏறுறதா?”

கடைசியில் மருமகளே வழி சொன்னாள். அந்த அறைக்குப் புதுக் கதவு. பழையது அம்மாவின் அறைக்கு. காத்தான்குடியிலிருந்து வந்த மரவேலை ஓடாவியார் கதவைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோனார். அந்த அறை சின்னது. உள்ளே திறந்தால் கட்டிலில் முட்டும். அவர் பிணைச்சலை மாற்றி, வெளியே திறக்கும்படி பொருத்தினார். திறந்து சுவரோடு ஒதுக்கிய பிறகுதான் கவனித்தார். முகம் முற்றத்தைப் பார்த்து நின்றது. வெயில் நேராக அதில் விழுந்தது.

“தங்கச்சி, திறந்தா வெளிய தெரியுதே. மறுபக்கம் திருப்பிப் போடவா?”

“வேணாம். காத்து வரட்டும்,” என்றாள் அக்கா.

மருமகள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். புது ஓடு, புதுக் கதவு, வெள்ளைச் சுவர் எல்லாம் பார்த்துக்கொண்டு பின்வளவுக்கு வந்தார்கள். அக்காவின் அறைக்கதவு திறந்திருந்தது. அது ஆடாமல் இருக்க ஒரு கல்லும் வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய் அதற்கு முன்னால் நின்றார்.

“ஆருகா இது?”

நான் ஏதாவது சொல்லலாம் என்று எழும்பினேன். அதற்குள் மருமகள் தேத்தண்ணித் தட்டோடு வந்துவிட்டாள்.

“எங்கட அம்மா,” என்றாள். “சீனி காணுமா, இன்னும் போடவா மாமி?”

மாப்பிள்ளையின் தாய் கதவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“ஓம், மூக்கு அதேதான்,” என்றார்.

மருமகள் அடுத்த கோப்பையை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருந்தாள்.