பூனைக்குக் கொடுத்த மாத்திரை

கொட்டில் அக்காவின் வலது கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பூனை நகம் கிழித்த கோடுகள், சில காய்ந்தும் சில ரத்தம் கசிந்தும் இருக்கும். கால்நடை மருந்தக வாசலில் நின்று அந்தக் கையை நீட்டுவார். அங்கே கம்பவுண்டராக இருந்த நான் பஞ்சில் டிங்சர் தொட்டுத் தடவுவேன். "எரியுதுங்க ஐயா" என்று சிரிப்பார்.

மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டிலைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்த வீட்டம்மாவின் வெள்ளைப் பூனைக்கு மூச்சிரைப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, எங்கள் அலமாரியிலேயே இருந்த பிரெட்னிசலோன் மாத்திரையைத் தினமும் கொடுக்கச் சொன்னார். அதற்குள் வீட்டம்மா வேறொரு டப்பாவைக் கொடுத்தனுப்பினார். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பியதாம், பெயர் சற்றே மாறி பிரெட்னிசோன். இதைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான், இது இன்னும் ஒசத்தின்னு சொல்லு" என்று வந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன். சீமைச் சரக்கு என்றால் எனக்கும் அப்படியொரு மயக்கம்.

மாத்திரை போடும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. பூனையைப் பழைய புடவையில் சுற்றி மடியில் இடுக்கி, வாயைத் திறந்து அடிநாக்கில் வைத்து, விழுங்கும் வரை தொண்டையைத் தடவிக் கொடுப்பாராம். அப்படியும் அது கையைப் பிராண்டிவிடும். ஒரு மாதமாகியும் இரைப்பு குறையவில்லை.

குடிசை நிற்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. மிராசுதாரின் திடலில் குடிசை போட்டிருந்த பதினைந்து குடும்பங்களில் முதலில் மனு எழுதிக் கொடுத்தது அக்காதான். அதிலிருந்து அந்த வீட்டில் அவர் தொட்டதெல்லாம் குற்றமாகிவிட்டது. பூனை செத்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். முற்றத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மிராசுதார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஒழுங்கா குடுத்திருந்தா இந்த மாத்திரை கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா?"

"கேட்டிருக்கும்ங்க."

"அப்ப இவ குடுக்கலே."

அக்கா என்னைப் பார்த்தார். "தெனம் குடுத்தேங்க. கம்பவுண்டரய்யாவுக்குத் தெரியும்."

நான் தரையைப் பார்த்தேன். மருந்தின் மேல் இருந்த நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கையாவது மண்ணாவது, பயம்தான். மறுநாள் அக்காவின் குடிசையைப் பிரித்துப்போட்டார்கள். வளர்த்த பூனையையே கொன்றவள் என்று ஊரெல்லாம் கதை கட்டிவிட்டதில், மற்ற பதினான்கு குடும்பங்களும் வாயைத் திறக்கவில்லை. உழைப்பவனுக்கே மனை என்று மேடையில் முழங்கிய கட்சிக்காரரும் அந்தப் பக்கம் வரவில்லை. அவர் மிராசுதாருக்குச் சம்பந்தி முறை. அக்கா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார்.

போன வருடம் தஞ்சாவூரில் என் மகளின் பூனைக்கும் இதே இரைப்பு வந்தது. அங்கிருந்த இளம் பெண் டாக்டரிடம், பழைய ஞாபகத்தில், பிரெட்னிசோன் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சார். அதை ஈரல் மாத்தினாத்தான் மருந்தாகும். மனுஷனுக்கும் நாய்க்கும் நல்லா மாறும். பூனைக்குச் சரியா மாறாது, ரத்தத்துல கொஞ்சம்தான் சேரும். ஏற்கெனவே மாறின பிரெட்னிசலோனைத்தான் குடுக்கணும்."

எங்கள் அலமாரியில் இருந்த அதே மாத்திரை.

அக்கா இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிக்குப் போனேன். தன் மகள் வீட்டில் இருந்தார், பார்வை மங்கியிருந்தது. நான் யாரென்று சொன்னேன். மாத்திரைதான் தப்பு, உங்கள் மேல் தப்பே இல்லை என்று ஈரல் வரைக்கும் விளக்கினேன், ஏதோ பெரிய சேதி கொண்டுவந்தவனைப் போல.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க? நான் குடுத்தது எனக்குத் தெரியும்."

பிறகு வலது கையை என் பக்கம் நீட்டினார். சுருங்கிய தோலில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"டிங்சர் போட்டுவிட்ட ஒங்களுக்கும் அன்னைக்கே தெரியும்" என்றார்.