இசைத்தட்டின் பின்பக்கம்

கேஸ் ஆபீசுக்குப் போன் போட்டால் ஆள் வரும்வரை ஒரு இசை ஓடும், கவனித்திருப்பீர்கள். சென்ற வாரம் அதில் ஓடியது என் மெட்டு. ஆள் பேசியதும் சிலிண்டர் கேட்க மறந்து போனை வைத்துவிட்டேன். இந்த வயதிலும் கோபத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

காத்திருப்பதற்காகத்தான் அது பிறந்ததே. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய புதிது. எங்கள் மாதா கோயிலில் கால் ஹார்மோனியம் வாசிப்பது நான். பக்கத்தில் நின்று தாளைப் புரட்டுவாள் என் சிநேகிதி ரெஜினா. கல்யாணப் பூசைக்குப் பெண்வீட்டார் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதுவரை சனம் ஊர்க்கதை பேசாதிருக்க எதையாவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். தேங்காய்த்திட்டிலிருந்து வரவேண்டிய ஒரு பெண்ணுக்காக முக்கால் மணி நேரம் மிதித்ததில் விரலுக்கு வந்தது அந்த மெட்டு. மெழுகுவர்த்திப் புகையை முகர்ந்தால் எனக்கு இன்றும் கால் வலிக்கும். கேட்டது ரெஜினா மட்டும்தான். ஊர்க்கதை அதுபாட்டுக்கு நடந்தது.

அவளுடைய அண்ணன் வயலின்காரர். வாசித்துப் பார்க்கிறேன், எழுதிக் கொடு என்றார். கன்னியாஸ்திரீகள் கற்றுத்தந்தபடி கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை. கோயிலில் வாசிப்பதற்குப் பெயர் போட்டுக்கொள்வது ஆங்காரம் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்.

அவர் மெட்ராஸ் போனார். யாரோ பாடிய பாட்டுக்குப் பின்பக்கத்தை நிரப்ப, அக்கார்டியன் சேர்த்து அதை வாசித்திருக்கிறார். பாட்டை யாரும் சீண்டவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த இசையைக் கடற்கரைச் சாலையில் போகிறவன் வருகிறவனெல்லாம் விசிலடித்தான். தட்டில் அவர் பெயர் மட்டும்.

அடுத்து வந்த கல்யாணத்தில், என்னுடையதுதானே என்ற திமிரில் அதையே வாசித்தேன். பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு, காபிக் கடையில் ஓடுவதைக் கோயிலில் வாசிக்கலாமா என்றார். நான் போட்ட மெட்டு அது, ரெஜினாவைக் கேளுங்கள் என்றேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரெக்கார்டுலதான் சாமி கேட்டேன். அதுக்கு முன்ன கேட்டதில்ல."

அந்த ஞாயிறே ஹார்மோனியத்தில் வேறு ஆள். வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"எங்கண்ணன் இப்பதான் தலையெடுக்குதுடி. உனக்கு இன்னொரு மெட்டு வராமலா போயிடும்?"

வரவில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டது ஆறிவிட்டது. அவள் சொன்ன பொய் ஆறவே இல்லை.

ஹார்மோனியத்தைக் கரையான் தின்றது. அந்தக் காபிக் கடை இருந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள். சாமியார் போனார், அண்ணனும் போனார். போன மாதம் ரெஜினா. அடக்கத்துக்குப் போய் ஓவென்று அழுதேன். அந்த மெட்டு என்னுடையதுதான் என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.