சீரகத் தண்ணீரும் ஒற்றைத் தலைவலியும்

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. பேறுகால விடுப்பில், எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன்.

ஒற்றைத் தலைவலி எனக்குப் பழையதுதான். கர்ப்பமாக இருந்த மாதங்களில் அது அடியோடு நின்றுவிட்டதால், ஒழிந்தது என்றே நினைத்தேன். பிள்ளை பிறந்த இரண்டாவது வாரம் திரும்பி வந்தது. இடது புருவத்துக்கு மேலே தொடங்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. குழந்தை அழுதால் அந்தச் சத்தம் கண்ணுக்குப் பின்னால் போய் இடிக்கும். படுத்தபடியே அவனுக்குப் பால் கொடுப்பேன்.

தலையில் நீர் கோத்திருக்கிறது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். காதில் பஞ்சு, நெற்றியில் சுக்குப் பற்று, தலைக்கு ஊற்றும் நாளில் சாம்பிராணிப் புகை. புகை போட்ட மதியமே வலி கூடும். அதற்கும் மருந்து இன்னும் கொஞ்சம் புகைதான். காபி கிடையாது. பாலில் இறங்கிவிடும் என்பதால் மாத்திரையும் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. அதிகம் குடித்தால் எனக்கு வயிறு தொங்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்.

தாகமாக இருக்கிறது என்றால், “பச்ச ஒடம்புக்காரிக்கு இன்னாடி அவ்ளோ தாகம்? நானுந்தான் மூணு பெத்தேன்” என்பாள்.

அண்ணிதான் ஒருநாள் சொன்னாள்: “தலவலிய வெச்சிக்கினு ஏன் அவஸ்தப்படுறீங்க? பவுடர் பால் வாங்கிடலாம். நான் குடுத்துக்கறேன்.”

நல்ல மனதோடு சொன்னதுதான். அம்மாவும் தலையாட்டினாள். எனக்குத்தான் பயம் வந்தது. மூத்தவளுக்கு மூன்றாம் மாதமே பால் நின்றுபோயிருந்தது. இவனுக்காவது விடக்கூடாது என்று இருந்தேன்.

அந்த வாரம் தலைவலியோடு வாந்தியும் எடுத்தது. அம்மா பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நர்ஸ் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகு தலைவலி என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். சரியாக இருந்தது. கண் மங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். பிறகு, “தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “வேளைக்கு ஒரு டம்ளர், கணக்கா குடுக்கிறேங்க மேடம்.”

“யாருக்கு, கொழந்தைக்கா?”

நர்ஸ் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

பால் கொடுப்பவள் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும், ஒரு வேளை காபி குடிக்கலாம், புகை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பால் கொடுத்துக்கொண்டே போடலாம், மருந்துக் கடையில் கேட்டு வேறு எதையும் வாங்கக்கூடாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெரிய தவலையில் தண்ணீர் வைத்து, ஒரு கை சீரகம் அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். ஆறியதும் சொம்பு நிறைய மொண்டு வந்தாள்.

“தண்ணி கம்மியாதான் குடுக்கணும். அதுல மாத்தம் இல்ல. இது சீரகத் தண்ணி, மருந்து. எவ்ளோ வேணா குடி.”

“அத்த, அப்ப ஏரியில ஒரு மூட்ட சீரகத்தக் கொட்டிட்டா ஊருக்கே வைத்தியம்” என்றாள் அண்ணி.

“நீ போய் அடுப்பப் பாருடி.”

சொம்பை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். அம்மா மறுபடியும் மொண்டு வந்தாள்.

தலைவலி போய்விடவில்லை. வருவது குறைந்தது. புருவத்தில் அறிகுறி தெரிந்ததுமே மாத்திரை போட்டுக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்து அண்ணியிடம் தந்துவிட்டு, ஜன்னலைச் சாத்திப் படுத்துவிடுவேன். பவுடர் பால் பேச்சு பிறகு எழவில்லை.

விடுப்பு முடிந்து கிளம்பிய அன்று கள்ளக்குறிச்சி வரை அம்மா வந்தாள். வெள்ளிமலை பேருந்தில் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக இரண்டு பாட்டில் சீரகத் தண்ணீரை நீட்டினாள். “வழியில பச்சத் தண்ணி குடிச்சிடாத.”

மலைப்பாதை வளைவுகளில் புருவத்துக்கு மேலே லேசாகத் தொடங்கியது. மாத்திரையைப் போட்டுச் சீரகத் தண்ணீரைக் குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். முந்தானைக்குள் அவன் பால் குடித்துக்கொண்டிருந்தான்.