அவுன்ஸ் கிளாஸில் ஒரு வாய்

என் அண்ணன் மகன் இளமாறன் இத்தாலியில் டொரினோ என்கிற ஊரில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் லீவில் வந்தவன் தஞ்சாவூரில் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும், அதைக் குடிக்க வயிறு பெருத்த கண்ணாடிக் கோப்பைகள் இரண்டும் கொண்டுவந்தான். எழுபதைத் தாண்டிய அத்தைக்கு எவனாவது இதை வாங்கி வருவானா என்று நீங்கள் கேட்கலாம். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதி ஆயுளை ஸ்பிரிட் வாசனையில் கழித்தவளுக்கு இது ஒன்றும் செய்யாது என்று நினைத்திருப்பான்.

கோப்பையை லேசாகச் சுற்றச் சொன்னான். மாவு சலித்துப் பழகிய கை அல்லவா, சுற்றிய வேகத்தில் கொஞ்சம் புடவையில் போயிற்று. மிச்சத்தை முகர்ந்தேன். ஆடி மாதத்தில் ரோட்டோர நாவல் மரத்தடியில் மிதிபட்டுக் கிடக்கும் பழங்களின் வாசனை. அதற்குப் பின்னால் இடித்த மிளகு, கொஞ்சம் ஈரச் சாக்கு. வாயில் வைத்ததும் கனம் தெரிந்தது. தண்ணீர் மாதிரி ஓடிவிடாமல் நாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. பிறகு பச்சைப் பாக்கை மென்றதுபோல ஈறு முழுவதையும் இழுத்துப் பிடித்தது.

இரண்டு வகைத் திராட்சை கலந்தது, போன வருஷத்துப் பழம், இன்னும் இளசு, சில வருஷம் போட்டு வைத்தால் அடங்கிவிடும் என்றெல்லாம் இளமாறன் சொல்லிக்கொண்டிருந்தான். என் காதில் பாதிதான் விழுந்தது.

“இதை நான் முன்னாடியே குடிச்சிருக்கேன்டா” என்றேன்.

அவன் சிரித்தான். எங்கே என்று கேட்டான். கீழ்வேளூர்ப் பக்கத்தில், நம் ஊரில் என்றதும் இன்னும் சிரித்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் அப்போது ஒரு ஓட்டுக்கட்டட ஆஸ்பத்திரி இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர், அவரும் கன்னிகாஸ்திரீ. அஞ்சலினா என்று பெயர். எங்கள் ஜனங்கள் அதை அஞ்சலை ஆக்கிவிட்டார்கள். அஞ்சலை டாக்டரம்மா என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இத்தாலியில் மலைச்சரிவில் திராட்சை போடுகிற குடும்பம். தமிழைப் பிரசவத்துக்கு வந்த நடவுக்காரப் பெண்களிடம் கற்றுக்கொண்டதால் அவர் வாயில் ‘வாங்க, போங்க’ வராது. கலெக்டரே வந்தாலும் ‘வாய்யா, உக்காரு’தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டுக் கட்டுப் போடவும் ஊசி கொதிக்க வைக்கவும் கற்றுக்கொடுத்தது அவர்தான். என் முதல் வேலை அது. வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டு விறைப்பாகக் கட்டிக்கொண்டு, வரப்பில் விழுந்துவிடாமல் நடந்து போவதே ஒரு வித்தையாக இருந்தது. ஒரு நாள் விழுந்தேன். அதை விடுங்கள்.

மெட்ராஸில் ஆட்சி மாறிய புதிது. கடைத்தெருச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். எங்கள் தெரு முனையில் மட்டும் முழுச் சிவப்பு. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் சங்கம் வைத்திருந்தார்கள். மிராசுதார்களும் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். என் அண்ணன் தங்கராசு எங்கள் தெருவுக்குக் கொடி பிடிக்கிற ஆள். தை பிறந்து சம்பா சாய்ந்து நின்றது. கூலி ஒத்துவராமல் யாரும் அரிவாளை எடுக்கவில்லை. மிராசுதார் ஒருவர் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். போலீஸ் காவலோடு அவர்கள் வயலில் இறங்க, எங்கள் ஆட்கள் போய் மறித்திருக்கிறார்கள். தள்ளுமுள்ளு, பிறகு தடியடி.

காலைப் பொழுதிலேயே ஒரு மாட்டுவண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அதில் அண்ணன் மண்டை உடைந்து, சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒரு அந்நிய ஆள் படுத்துக் கிடந்தான். முன்கையில் அரிவாள் வெட்டு. துண்டால் இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. நான் அண்ணனிடம் ஓடினேன். டாக்டரம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“மண்டை காத்திருக்கும். கை காத்திருக்காது. அவனைப் புடி முதல்ல.”

பிடித்தேன். ஆனால் என் கை அவன்மேல் பட்டதே தவிர மனசு படவில்லை. என் ஜனங்களின் சோற்றில் மண் போட வந்தவன், அவனுக்கு நான் தட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது. அவன் பெயர் சோலைமுத்து. அண்ணன் வயதுதான் இருக்கும். தையல் போடும்போது கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

“அறுப்பு வேலைன்னுதான் கூட்டியாந்தாங்க. சண்டைன்னு யாரும் சொல்லலைங்க. சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டோம்.”

இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார் டாக்டரம்மா. வேறு கட்டில் இல்லை என்பது ஒன்று. இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார். மத்தியானம் மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். தங்கள் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு சங்கத்துக்காரனை வெளியே அனுப்பிவிட வேண்டும், ஆஸ்பத்திரி நிற்கிற இடமே மிராசுதாரின் தகப்பனார் கொடுத்தது என்று ஞாபகப்படுத்தினார். “படுத்துட்டா கட்சி கிடையாதுய்யா” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். காரியஸ்தர் வார்டு, மருந்தறை, டாக்டரம்மாவின் அறை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டபடிதான் வெளியே போனார்.

டாக்டரம்மாவின் அறை அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. இத்தாலிக்குப் போய்வந்த பாதிரியார் ஒருவர் துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தது. டாக்டரம்மாவின் அண்ணன் சொந்தத் தோட்டத்தில் போட்ட ஒயின். ஈஸ்டருக்கு என்று எடுத்து வைத்திருந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு கதையும் சொல்லியிருந்தார். அவருடைய அப்பா தோட்டமும், அம்மா பிறந்த வீட்டுத் தோட்டமும் பக்கத்துப் பக்கத்திலே. நடுவில் ஒரு எல்லைச் சண்டை. கல்யாணம் ஆகியும் தீரவில்லை. அப்பா இருந்தவரை இந்தத் தோட்டத்துப் பழத்தோடு அந்தத் தோட்டத்துப் பழம் சேரக்கூடாது. அவர் போன பிறகு அண்ணன்தான் முதன்முதலாக இரண்டையும் ஒரே பீப்பாயில் கலந்தாராம். வரப்புச் சண்டை வெள்ளைக்காரர்களுக்கும் உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அப்போது தமிழ்நாடு முழுக்க மதுவிலக்கு. பூசைக்கான திராட்சை ரசத்துக்குக் கோயிலுக்கு மட்டும் பர்மிட் உண்டு. இந்தப் பாட்டிலுக்குக் கிடையாது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். தங்கராசு மேல் வெட்டுக் கேஸ், கைது செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் சாராயம் இருப்பதாகவும் புகார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். டாக்டரம்மா மறுக்கவில்லை. தானே பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். இதை எழுதினால் வெளிநாட்டுக்காரரான அவரை நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் சொன்னார். வயதானவர், நாகப்பட்டினம் பக்கத்து மனிதர். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது.

“என்னை எழுதிக்கய்யா” என்றார் டாக்டரம்மா. “அந்தப் பையன் மண்டைத் தையல் பிரிக்கிற வரைக்கும் அவனை வுட்டுடு. இப்ப ஜீப்புல குலுக்கிட்டுப் போனா செத்துப் போவான்.”

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தான் வந்துவிடுவதாகச் சொன்னான். டாக்டரம்மா அவனைப் பார்த்த பார்வையில் மறுபடி படுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, தையல் பிரிக்கும்வரை வாசலில் ஒரு கான்ஸ்டபிள் இருப்பான் என்றார். பாட்டிலைக் காட்டி, “இதைக் கீழே ஊத்திடுங்கம்மா. ஊத்திட்டா எழுத ஒண்ணுமில்ல” என்றார்.

டாக்டரம்மா தலையாட்டினார். பாட்டிலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

“ஒரு வாய் குடிச்சுக்கட்டுமாய்யா? எங்கண்ணன் போட்டது.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஜீப்பின் டயரைப் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கோப்பை ஏது? மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸ்தான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஊதா, நடுவில் கறுப்பு. கண்ணை மூடி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து அப்படியே வைத்திருந்தார். விழுங்க மனசில்லை என்று தோன்றியது. ஊரைவிட்டு வந்தபின் அண்ணனை அவர் பார்த்ததே இல்லை. அம்மாவின் சாவுக்கும் போகவில்லை. விழுங்கிய பிறகு எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். உடனே முழுங்காமல் நாக்கில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நாவல்பழத்தையும் கடுக்காயையும் சேர்த்து அரைத்து வாயில் அப்பியதுபோல இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சின்னப் புள்ளைடி இது. கோவம் இன்னும் அடங்கல. ஆனா நல்ல புள்ளை. எங்கப்பா தெரியுறாரு, எங்கம்மாவும் தெரியுறாங்க.”

மிச்சத்தைக் கிணற்றடிச் சாக்கடையில் அவரே போய் ஊற்றினார். மடமடவென்று ஊற்றவில்லை, சாய்த்துப் பிடித்து மெதுவாக. கட்டில்காரர்கள் இருவரும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல் பிரித்த அன்று அண்ணனைக் கொண்டுபோனார்கள். திருச்சி ஜெயிலில் இருந்தான். கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது தங்கராசுதான் வெட்டினான் என்று சொல்லும்படி காரியஸ்தர் சோலைமுத்துவைத் தயார் பண்ணிக் கூட்டி வந்திருந்தார். டாக்டரம்மாவோடு நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூண்டில் ஏறிய சோலைமுத்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“வெட்டுனது யாருன்னு தெரியாதுங்க. கூட்டத்துல பாக்கல. விழுந்து கெடந்த என்னைத் தூக்கி வண்டியில போட்டது இவருதாங்க. தூக்கும்போதுதான் இவரு மண்டையில அடி விழுந்துச்சு.”

அண்ணன் அதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம்கூட. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கேஸ் தள்ளுபடியானது. ஆனால் டாக்டரம்மாவின் விசாவை அடுத்த முறை நீட்டிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதியிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எழுத வேறு கைகள் இருந்தன. கீழ்வேளூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட எங்கள் தெரு முழுக்கப் போயிருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவர் நாட்டுத் திராட்சை மலைச்சரிவுகளை இளமாறன் போனில் காட்டினான். எல்லாச் சரிவும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

கூலி உயர்ந்தது. குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தமானது. கொஞ்ச வருஷத்தில் மதுவிலக்கையும் எடுத்தார்கள், போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். இப்போது அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. ஆஸ்பத்திரி இருந்த இடம் மனைப் பிரிவாகி, கலர்க் கலராக வீடுகள் வந்துவிட்டன.

சோலைமுத்து அதன் பிறகு தைக்குத் தை வந்தான். லாரியில் இல்லை, ரயிலில். அரிவாளைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூட நாலைந்து பேரோடு வருவான். அண்ணன் வீட்டில்தான் தங்குவார்கள். எங்கள் ஆட்களோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே கூலிக்கு அறுப்பார்கள். என் கல்யாணத்துக்கும் வந்தான். இளமாறன் பிறந்தபோது புதுக்கோட்டையிலிருந்து ஒரு சாக்கு பலாப்பழம் சுமந்து வந்தான். தலை நரைத்த பிறகும் அவன் வரவு நிற்கவில்லை. அறுப்பு மெஷின் வயலில் இறங்கிய வருஷமும் வந்தான். அன்றைக்கு நானும் ஊரில் இருந்தேன். கையில் ஒரு வேலையும் இல்லாமல் அவனும் அண்ணனும் வரப்பில் உட்கார்ந்து, மெஷின் வயலை வாரிக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அண்ணன் அவனை ரயில் ஏற்றிவிட்டு வந்தான்.

அதற்கடுத்த தையில் அந்த ரயிலிலிருந்து அரிவாளோடு யாரும் இறங்கவில்லை.