சந்தனம் வைத்த சர்வர்

கம்ப்யூட்டருக்கு வீடு மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆபீஸ் மூலையில் இரைந்துகொண்டு கிடக்கும் பழைய சர்வரை, உள்ளே இருக்கும் புரோகிராம், கணக்கு, திரையின் பின்னணியில் நிற்கும் முருகன் படம் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒரே ஃபைலாகச் சுருட்ட வேண்டும். அந்த ஃபைலை கிளவுடு கம்பெனிக்காரர்கள் கேட்கிற வடிவத்துக்கு மாற்றி, அவர்களுடைய இடத்தில் ஏற்றி, அங்கே மறுபடி தட்டி எழுப்ப வேண்டும். சொல்லும்போது ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. செய்து பார்த்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கைவைத்திருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையில் இருந்தேன். கல்யாணமாகி தர்மபுரிக்கு வந்தபிறகு, கூட வேலை பார்த்த சாதிக்கோடு சேர்ந்து சொந்தமாக ஆரம்பித்தேன். அவன் சென்னையில் உட்கார்ந்திருப்பான், நான் இங்கே. உள்ளூரில் கிடைத்த முதல் வாடிக்கையாளர் கம்பைநல்லூர்ப் பக்கம், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஃபேக்டரி வைத்திருக்கும் மாதையன் அண்ணன். என் தொழில் வாழ்க்கையில் நான் பட்ட அவமானங்களில் முக்கால்வாசி அந்த ஒரு ஃபேக்டரியிலேயே கிடைத்துவிட்டதால், வேறெங்கும் போகாமல் அங்கேயே நிற்கிறேன்.

சாமி இறங்குகிற மாதிரி

முதலில் அவருடைய கவலையைச் சொல்லிவிடுகிறேன். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிவிட்டால் உடனே அரைத்தாக வேண்டும். ரெண்டு நாள் கிடந்தால் கறுத்துப்போய் நாற ஆரம்பித்துவிடும். எல்லாரும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு வந்தால் ஃபேக்டரி தாங்காது. அதனால் யார் எத்தனை ஏக்கர் போட்டிருக்கிறார், எப்போது நட்டார் என்பதைப் பார்த்து, சீசனுக்கு முன்பே முறை போட்டு வைப்பார்கள். முறை வருவதற்கு முந்தின நாள் கணக்கு பார்க்கும் செல்வி அக்கா போன் போட்டு, "நாளைக்குப் பிடுங்குங்க" என்பார். அதுவரைக்கும் அவரவர் நாள் அவரவருக்கே தெரியாது. அத்தனையும் அந்த ஒரே சர்வரில்தான் இருந்தது. அதுவோ வயதாகி, நினைத்தபோது தானாக அணைந்துபோகிற நிலைமைக்கு வந்துவிட்டது. நடு சீசனில் மொத்தமாகப் படுத்தால், முறை தெரியாமல் பிடுங்கிப்போட்ட ஊர்ப்பட்ட பேரின் கிழங்கு காட்டிலேயே அழுகும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் சீசன் ஆரம்பம். அதற்குள் கிளவுடுக்கு மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். பெங்களூர் மிதப்பில், கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். "இந்தப் பெட்டிக்குள்ள ஓடறது நெசமான கம்ப்யூட்டரே இல்லீங்கண்ணா. பெட்டிதான் நெசம், உள்ள ஓடறது நெழல் மாதிரி. அத அப்படியே எடுத்து வேற ஊர்ல இருக்கற பெட்டியில எறக்கி வெச்சுடலாம். அதுக்கு எடம் மாறுனதே தெரியாது." மாதையன் அண்ணன் முழுசாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "ஒரு ஒடம்ப வுட்டு இன்னொரு ஒடம்புல எறங்கும்னு சொல்ற. செரி பாப்பா. ஆனா எங்க ஊட்டு சாமி எறங்கறதுக்கே மொதல்ல நாலு பேரு புடிச்சுக்கணும், நீ ஒத்த ஆளா வந்திருக்கற."

காலி இடம்

முறைப் பதிவெல்லாம் முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட்டு நகல் எடுத்தேன். பார்த்தால் ஃபைல் சின்னதுதான். "இவ்வளவுதானா" என்று செல்வி அக்கா முன்னால் சிரித்து வேறு வைத்தேன். கிளவுடுக்காரர்களின் விதி அப்புறம்தான் ஞாபகம் வந்தது. டிஸ்க்கில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. டிஸ்க்கின் முழு அளவு என்னவோ அந்த முழு அளவுக்கும் ஃபைல் இருக்க வேண்டும். எழுதாத இடத்தையும் பூஜ்யம் போட்டு நிரப்பித்தான் தர வேண்டும்.

மாற்றும் வேலையை லேப்டாப்பில் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி அந்த ஃபைல் உப்பிக்கொண்டே போய், என் லேப்டாப்பில் இருந்த இடத்தையெல்லாம் தின்றுவிட்டு, திரையில் மவுஸ் அம்பைக்கூட நகரவிடாமல் உட்கார்ந்திருந்தது. சேகோ ஃபேக்டரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொருள் ஊறினால் பெருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. தர்மபுரிக்கு ஓடி ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு, வழியிலிருந்தே சாதிக்குக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "பஸ்ஸுல காலி சீட்டுக்கெல்லாம் சேத்து நம்மளே டிக்கெட் எடுக்கணும்ங்கறாங்க, அவ்வளவுதான்க்கா. எடுத்துட்டு வாங்க."

மொரப்பூரில் ஏறியது

அடுத்தது ஏற்றுவது. ஃபேக்டரி நெட்டில் போட்டுவிட்டேன். கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் நெட் அறுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. முக்கால்வாசி ஏறிவிட்டது என்று நான் மகிழ்ச்சியாக நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தோ ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, மொரப்பூரில் ரயிலேறி, சென்னையில் சாதிக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது. அங்கே நெட் நன்றாக இருக்கும்.

பையை மேலே வைக்க மனசு வரவில்லை. மடியிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே கொய்யாப்பழக் கூடையோடு இருந்த அம்மா ரொம்ப நேரம் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது, ஒரு ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் இதற்குள் இருக்கிறது, இன்டர்நெட்டில் அனுப்ப வேண்டியது, போக மாட்டேன் என்கிறது, அதனால் கையில் கொண்டுபோகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தார். "சாப்புடு கண்ணு. இன்டர்நெட்ட விட இந்த ரயிலு வேகமா போவுதுன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சென்னையிலிருந்து ஏறிவிட்டது. எழுப்பினோம், எழுந்துவிட்டது. ஆனால் உள்ளே போகத்தான் வழியில்லை. கிளவுடில் ஓடுகிற கம்ப்யூட்டரின் திரையை ஒரு போட்டோ மாதிரி காட்டுவார்கள். அதில் முருகன் சிரித்துக்கொண்டு நின்றார், கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். நாங்கள் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் பதில் இல்லை.

ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தோம். ஃபேக்டரியில் இருந்தபோது யாரோ அதற்கு ஒரு நிரந்தர நெட்வொர்க் விலாசம் எழுதிவைத்திருந்தார்கள். புது வீட்டுக்குப் போனபிறகும் அது பழைய கதவு எண்ணையே மாட்டிக்கொண்டு நின்றது. நகல் எடுக்கும் முன்பே அழித்திருக்க வேண்டிய ஒரு வரி. பெங்களூரில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரி. சாதிக் அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை, நல்ல பையன். நடுவில் போன் போட்ட மாதையன் அண்ணனிடம், "உள்ள நல்லா ஓடுதுங்கண்ணா, பாக்க முடியுது, ஆனா பேச முடியல" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் கேட்டார்: "மனு குடுத்துப் பாக்கற எடமா அது? நான் கிளவுடுன்னு நெனச்சேன், நீ அத ஜெயிலுல போட்டுட்ட போல."

பூசணிக்காய் உடைத்த அன்று

விலாசத்தைச் சரிசெய்து ஒருவழியாக உள்ளே போனோம். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். முறைப் பட்டியல் வந்தது. பெயர், ஊர், ஏக்கர் எல்லாம் வரிசையாக நின்றன. செல்வி அக்காவை ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவர் பூஜைக்கு ஃபேக்டரியைக் கழுவிவிடும் மும்முரத்தில் இருந்தார், தொந்தரவு வேண்டாம் என்று விட்டேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்தது போதும்.

பாக்கி இருந்தது ஒரே வேலை. பழைய பெட்டியை சுத்தமாக அழித்து, கேமரா பதிவுகளைச் சேமிக்க அதைக் கேட்டிருந்த, ஃபேக்டரிக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள் ஆயுத பூஜை. ஃபேக்டரிக்கு லீவு, யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று என் புத்திசாலித்தனம். போய்ப் பார்த்தால் கேட்டில் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தது. உள்ளே அரவை மிஷின், தராசு, லாரி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் என் சர்வரும் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் ஒயரைத் தேடிக் குனிந்ததும் செல்வி அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் எடுக்கக் கூடாதாம்.

எனக்குக் கோபம் வந்தது, ஒளிப்பானேன். உயிர் எப்போதோ கிளவுடுக்குப் போய்விட்டது, இது வெறும் தகரப்பெட்டி, கேமராக்காரர் வெளியே நிற்கிறார், எனக்கும் வீட்டில் பூஜை இருக்கிறது என்று மூச்சுவிடாமல் பேசினேன். மாதையன் அண்ணன் ஒரு தட்டு பொரிகடலையை என் முன்னால் நகர்த்தினார். "இத்தன வருசம் ஒழச்ச பெட்டி. ஒரு நாளு சும்மா உக்காரட்டும், அதுக்குள்ள அத அழிச்சு நீ என்ன கோட்டையா கட்டப்போற?"

முதல் வண்டி

மறுநாள் காலையில் ஏரியூரிலிருந்து முனியப்பன் என்பவரின் லாரி முதல் ஆளாக வந்து நின்றது. சர்வரை நிறுத்தும் முன் குறித்துவைத்திருந்த முதல் பெயருக்கு செல்வி அக்கா முந்தின நாளே போன் போட்டிருந்தார். ஒரு லாரி நிறைய மண் காயாத கிழங்கு. மறுபூஜையை முடித்து, சீசன் முதல் வண்டி என்பதால் அதற்கும் கற்பூரம் ஏற்றினார்கள். செல்வி அக்கா புதுக் கம்ப்யூட்டரில் கிளவுடைத் திறந்தார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

அக்கா முறைப் பட்டியலை மேலேயும் கீழேயும் ஓட்டினார். முனியப்பன் பெயர் எங்கேயோ நடுவில் கிடந்தது. மறுபடி மேலே போனார். "ஏங்க" என்று என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மொத நாளு மொத ஆளுன்னு இதுல காட்டறவரு போன மாசியிலயே தவறிட்டாருங்க. நானே எழவுக்குப் போயிட்டு வந்தேன்."

அது போன வருடத்து முறை. இதே தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். போன பொங்கல் சமயத்தில் யாரோ அந்தக் கம்ப்யூட்டரில் புது புரோகிராம் போடும் முன், கெட்டுப்போனால் திரும்பி வர வசதியாக, அன்றைய நிலைமையை அப்படியே உறையவைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் ஸ்னாப்ஷாட். அதன்பிறகு எழுதியதெல்லாம் பக்கத்தில் இன்னொரு ஃபைலில் வால் மாதிரி வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டேன். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, கொய்யா தின்றுகொண்டு சென்னைக்கு நான் சுமந்துபோனது போன பொங்கலை. இந்த வருடத்து முறை முழுவதும் அந்த வாலில் இருந்தது. வால் அந்தத் தகரப்பெட்டிக்குள் இருந்தது.

நேற்று நான் நினைத்தபடி நடந்திருந்தால், நாளைக்கு யாரைப் பிடுங்கச் சொல்வது என்று செல்வி அக்காவுக்குத் தெரிந்திருக்காது. முனியப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வரவேண்டிய அத்தனை பேரும் என் கண்முன்னால் வந்து நின்றார்கள். எலுமிச்சம்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, மாலையைக்கூடக் கழற்றாமல் சுவிட்சைப் போட்டேன். பெட்டி எப்போதும்போல இரைந்தது. முருகன் வந்தார். முறைப் பட்டியலில் முதல் பெயர், முனியப்பன், ஏரியூர். உட்கார்ந்து அழுதுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் முழுக்கப் பழைய பெட்டியிலேயே வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அரவை இல்லாதபோது தலையையும் வாலையும் ஒன்றாகச் சேர்த்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி மொரப்பூரில் ரயிலேறி, ஒழுங்காக ஏற்றி வைத்தேன். இந்தத் தடவை செல்வி அக்கா கடைசிப் பக்கம்வரை பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். மாதையன் அண்ணனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார், இனி வேலையே தரமாட்டார் என்று தயாராக இருந்தேன். அவர் பெட்டியின் மேல் காய்ந்துபோயிருந்த சந்தனத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே கேமராக்காரரைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, நீ வேற பெட்டி பாத்துக்க. இது இங்கயே இருக்கட்டும், பாப்பா மறுபடியும் வரும்."

எந்த சர்வரைக் கிளவுடுக்கு ஏற்றினாலும் பழைய பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, அங்கே கணக்கு பார்ப்பவர் சரி என்று சொல்லும்வரை யாரையும் தொடவிடாமல் வைப்பதுதான் இன்றைக்கும் எங்கள் கம்பெனியின் பேக்கப் திட்டம், வாடிக்கையாளர்கள் கேட்டால் மட்டும் அதற்கு ஒரு நல்ல இங்கிலீஷ் பெயர் சொல்லிக்கொள்கிறோம்.