நண்டு வளைக்குள் வலது கை

அமுதவல்லிக்கு ஆற்றில் கை வைக்கும்போதெல்லாம் பயம். மரக்காணத்து ஆற்றில் வலையும் தூண்டிலும் இல்லாமல் வெறும் கையால் இறால் பிடித்துப் பிழைக்கிறவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும் கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள்.

உப்பளத்தில் வேலை இருக்கிற மாதங்களில் உப்பு வாருவாள். மழை பிடித்துப் பாத்திகள் மூழ்கியதும் ஆற்றுக்கு வந்துவிடுவாள். கூட வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நாத்தனார் மலர்கொடி, இன்னொருத்தி பக்கத்துத் தெரு அந்தோணியம்மாள். மூவரும் இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடி வரிசையாக நகர்வார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேற்றின்மேல் விரித்து மெல்லக் கூட்டிக்கொண்டு வந்தால் நடுவில் இறால் துடிக்கும். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கைகள் இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் காதைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அதனால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. மூன்று பெண்கள் நான்கு மணி நேரம் வாய் திறக்காமல் இருக்கிற இடம் தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான் என்பாள் அந்தோணியம்மாள்.

இப்படித் தடவும்போது மற்றவர்களுக்கு இறால் கிடைத்தால் அமுதவல்லிக்கு ஏதாவது விபரீதமாகக் கிடைக்கும். கல்யாணமான வருஷம் ஆறு கிலோ கொடுவா மீன் ஒன்று தானாகத் துள்ளி வந்து அவள் மார்பில் மோதியது. குழந்தையை அணைப்பது போல் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். இன்னொரு முறை பல்செட் ஒன்று கிடைத்தது. ஒரு முறை பிளாஸ்டிக் கவரில் சுற்றிய செல்போன் கையில் தட்டுப்பட்டு, வெளியே எடுத்த நிமிஷமே மணி அடித்தது. காதில் வைத்தால், "அம்மா, கிளியனூர்லேர்ந்து பேசறேன், அது என் போனும்மா" என்று ஒருவன் அழுதான்.

ஊர் சிரித்தது. அமுதவல்லி சிரிக்கவில்லை. கொடுவா வந்த மாதம் அவள் வயிற்றில் இருந்த முதல் குழந்தை தங்கவில்லை. செல்போன் கிடைத்த வாரம் புருஷன் இருசப்பனைக் கட்டுவிரியன் கடித்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். ஆறு ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்கிறது என்று அவளுக்குள் விழுந்துவிட்டது. அந்தப் பயத்தில் அவளே ஒரு சட்டம் போட்டாள். தன் கையில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் நின்றுவிடுவாள். அப்போது யாரும் கிட்ட வரக் கூடாது. "உங்க மேலயும் பட்டுடப் போவுது. தள்ளிப் போங்க" என்பாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அவள் நின்றால் மற்ற இருவரும் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். முகத்துவாரம் நன்றாகத் திறந்திருந்தது. கடல் தண்ணீர் ஏற இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து, உப்பள வரப்பின் ஓரமாகத் தடவிக்கொண்டிருந்தாள். கரையின் அடியில் அகலமான ஒரு வளை தட்டுப்பட்டது. சேற்று நண்டின் வளை. விரலை நுழைத்தாள், முழங்கை போயிற்று, இன்னும் உள்ளே, தோள் வரைக்கும் போயிற்று. கன்னம் கரைச் சேற்றில் ஒட்ட, நீர் அக்குளில் இடிக்க, நுனிவிரலில் வழவழவென்று ஓடு பட்டது. உள்ளங்கையை விரித்தால்கூட அடங்காத அகலம். இவ்வளவு பெரியதை அவள் தொட்டதே இல்லை. வேண்டாம், கையை எடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எடுப்பதற்குள் கவ்விவிட்டது.

கட்டைவிரலில். வலி முதலில் வரவில்லை. எலும்பில் ஒரு 'நறுக்' மட்டும் கேட்டது. அப்புறம் தோள் வரைக்கும் தீ.

நண்டு கவ்வினால் இழுக்கக் கூடாது. இது ஆற்றில் இறங்குகிற எல்லோருக்கும் தெரியும். இழுத்தால் இறுக்கும், விரல் அதனோடு போய்விடும். கையைச் செத்த கை போல விட்டுவிட வேண்டும். தண்ணீருக்குள் இருந்தால் அதுவாக விடும். அமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டு செத்த கையாக ஆக்கப் பார்த்தாள். பறியைக் கடித்த பற்கள் கிடுகிடுவென்று ஆடின. அந்த ஆட்டம் தோள் வழியாக விரலுக்கு இறங்கியதோ என்னவோ, நண்டு இன்னும் கொஞ்சம் இறுக்கியது.

கண்ணைத் திறந்தபோது அக்குளில் இருந்த நீர் தோள்பட்டைக்கு வந்திருந்தது.

ஏறுகிறது.

சற்றுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்த இரண்டு முதுகுகளையும் ஒரு கண்ணால் பார்த்தாள். மலர்கொடி நிமிர்ந்து, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாக்கா, அண்ணி நின்னுடுச்சு?" என்று கேட்பது தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

"ஏதோ சிக்கிடுச்சு அவளுக்கு. திரும்பிப் பாக்காத. அப்புறம் நாள் முச்சூடும் நம்பள பாத்து அழுவா. வாடி."

இருவரும் வளைவில் திரும்பினார்கள்.

பாலத்தின்மேல் ஒரு கார் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் இறங்கி, செல்போனை ஆற்றை நோக்கிப் பிடித்தான். அமுதவல்லி இடது கையைத் தூக்கி ஆட்டினாள், வா வா என்று. அவனும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். கார் போய்விட்டது.

இடது கையால் கரையைத் தோண்டிப் பார்த்தாள். கிளிஞ்சல் கலந்த களிமண், நகம்தான் பிய்ந்தது. ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் உள்ளே ஒரு இறுக்கு. நீர் இப்போது காதுக்குள் வந்து 'குபுக்' என்றது. கழுத்தை முறுக்கி முகத்தை வானம் பார்க்கத் திருப்பினாள். இழுத்துவிடலாமா? கட்டைவிரல் போனால் இறாலை எதைக்கொண்டு பிடிப்பது, உப்பு வாருகோலை எதைக்கொண்டு பிடிப்பது? விரல்தான் போகுமா, இழுக்க இழுக்க அது பிடியை விடாமல் இருந்துவிட்டால்? இந்த முறை ஆறு பிள்ளையையும் கேட்கவில்லை, புருஷனையும் கேட்கவில்லை. அவளையே கேட்கிறது.

பற்களைத் திறந்தாள். பறி விழுந்து, காலையெல்லாம் பிடித்த இறால் அத்தனையும் அவள் முகத்தைச் சுற்றித் துள்ளிக் கலைந்தது.

"மலரு! ஏ மலரு!"

வளைவுக்கு அப்பாலிருந்து சிரிப்பு வந்தது. "இன்னா அண்ணி, திமிங்கலமா?"

"கை மாட்டிக்கிச்சுடி!"

"ஆளுக்குப் பாதின்னா வர்றோம்!" இது அந்தோணியம்மாள்.

உப்புத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. இருமினாள். இருமியபோது விரலில் மறுபடி 'நறுக்'. மீதி இருந்த மூச்சை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். "கிட்ட வாங்கடி! கிட்ட வாங்க!"

சிரிப்பு நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயில் அவர்கள் கேட்டதில்லை. அடுத்த நொடி தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடிவரும் சத்தம்.

"ஐயோ மாதாவே" என்று அந்தோணியம்மாள் அவள் பின்தலைக்குக் கீழே முழங்காலைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் தாடையை மேலே தூக்கிப் பிடித்தாள். மலர்கொடி கரைமேல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடியை எடுத்துவந்து, மூச்சைப் பிடித்து முங்கி, வளையின் வாயை வெட்ட ஆரம்பித்தாள். எழுந்து மூச்சு வாங்குவாள், முங்குவாள். நீர் அமுதவல்லியின் உதட்டைத் தாண்டி மூக்கின் விளிம்பில் நின்றது.

"மூக்கால மட்டும் மூச்சு வுடு. அலை வந்தா அடக்கிக்கோ. நான் சொல்றேன். இப்ப அடக்கு... இப்ப வுடு. ஏண்டி, பல்செட்டு எடுத்தப்ப என்னைக் கூப்புட்டியா நீ? இப்ப அடக்கு."

எத்தனை முறை அடக்கினாள் என்று தெரியாது. ஒரு முறை அடக்கியபோது நீர் மூடியது, திறக்கவில்லை. பச்சையாக ஒரு வெளிச்சம். அந்தோணியம்மாளின் குரல் எங்கோ தூரத்தில். அப்போது கரை உடைந்தது.

கை வந்தது. கையோடு கருநீலமாக ஒரு கொடுக்கும் தொங்கிக்கொண்டு வந்தது, முழங்கையில் பாதி நீளம். கொடுக்கைக் கழற்றிவிட்டு நண்டு மலர்கொடியின் தொடைமேல் ஏறி இறங்கிக் கலங்கலில் போய்விட்டது. அவள் போட்ட அலறலில் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் கிளம்பின. உடம்பே இல்லாமலும் கொடுக்கு பிடியை விடவில்லை. கரையில் கல்லைக்கொண்டு உடைத்துத்தான் எடுத்தார்கள். "கொடுக்கு மட்டுமே ஒரு குழம்புக்கு ஆவும்" என்றாள் அந்தோணியம்மாள், பற்கள் கிடுகிடுக்க. யாரும் அதை எடுத்துப் போகவில்லை.

எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு தையல். கட்டு பிரித்தபோது விரல் இருந்தது, மேல்கணு மட்டும் மடங்கவில்லை. "இந்தத் தடவை உன்னோட போச்சு, விடு" என்று இருசப்பன் ஆறுதல் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. கையில் எதுவும் கிடைக்காதபோது ஆறு எதற்காக எடுத்துக்கொண்டது? நண்டு போய்விட்டதா, காத்திருக்கிறதா? இப்படி ராத்திரி பகல் பாராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் உப்பளத்தில் அவளை இன்னும் கூப்பிடவில்லை. மாசிப் பிறப்பில் மறுபடி ஆற்றில் இறங்கினாள்.

இப்போது வரிசையில் நடுவில் வருவது அவள்தான். இரண்டாம் நாளே இடது கையில் என்னவோ பட்டது. வட்டமாக, கெட்டியாக, உள்ளே எதுவோ அசைகிறது. பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இங்க ஏதோ இருக்குது" என்றாள். "கிட்ட வாங்க."

இரண்டு பேரும் வந்து குனிந்தார்கள். அவர்கள் தூக்கிய நேரத்தில் அமுதவல்லி கரையில் நின்றிருந்தாள். எப்போது ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வந்தது ஒரு ஹெல்மெட். கண்ணாடிகூட உடையாத சிவப்பு ஹெல்மெட். அதற்குள் சுருண்டு படுத்தபடி, கைத்தடி கனத்தில் ஒரு விலாங்கு.

மலர்கொடி ஹெல்மெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குதித்தாள். "அண்ணி! கைக்குத் தையல் போட்டும் ராசி போவல பாரு! இந்தா, உன்னுது!"

"என்னுதுன்னு சொல்லாத." அமுதவல்லி பின்னால் நகர்ந்தாள். "நம்ப மூணு பேரோடதுன்னு சொல்லு."

"சரி, மூணு பேரோடது."

"அக்கா, நீயும் சொல்லு."

அந்தோணியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வாய்வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டு, ஆற்றுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "மூணு பேரோடது."

"இன்னொரு தடவை" என்றாள் அமுதவல்லி.