அண்ணன் வண்டியை விற்கப் போனது

என் இடது கால் மூட்டு போய்விட்டது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் ஆந்திரா, ஒரிசா என்று சுற்றி, இரும்புக் குழாய் தூக்கித் தேய்ந்த மூட்டு. எங்கள் பழைய மோட்டார் சைக்கிளில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். இடது காலால் உதைத்து, ஸ்டார்ட் ஆனதும் அதையே மடக்கிக் கியர் போட வேண்டும். போன தையில் ஒருநாள் உதைத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே விற்பது என்று முடிவு செய்தேன்.

அது அண்ணன் வாங்கிய வண்டி. கருப்பு நிறம், இரண்டு சைலன்சர். பின்னால் உட்கார்ந்து போனதோடு சரி, அவன் இருந்தவரை என்னைத் தொடவிட்டதில்லை. மூன்றாவது கியரில் போகும்போது பின்சீட்டுக்காரனின் வலது கால்மிதி மட்டும் தடதடவென்று ஆடும். உள்ளங்கால் கூசும். "ஆடாத வண்டியா மாத்துடா" என்பேன். "எறங்கி நடந்து வா மாப்ள" என்பான். தம்பியை மாப்ள என்று கூப்பிடுகிற ஆள்.

மஞ்சள் காமாலையில் அவன் செத்தபோது நான் விஜயவாடா பக்கம் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குள் சாக்குப் போட்டு மூடியிருந்த வண்டியை என் பேருக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் பெயிண்ட் அடிக்க வாடிப்பட்டியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். திரும்பி வந்த வண்டியைத்தான் முதன்முதலாக ஓட்டினேன். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்த சேக்காளி, கால்மிதி ஆடவில்லை என்றான். மெக்கானிக் கைராசிக்காரன் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம். கையில் காசில்லாத நாட்களிலும் அதை விற்க நினைத்ததில்லை. இரண்டு நாள் டீயும் பன்னுமாக ஓட்டியபோதும் பெட்ரோல் மட்டும் போட்டேன். ஆளில்லாத ரோட்டில் அதோடு பேசுவேன். அண்ணனோடு பேசுவதாக நினைப்பு.

வாங்க வந்தவர் மதுரை கே.கே. நகர்க்காரர். சேலை வியாபாரம், வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர். பழைய வண்டி என்றால் உயிர். ஏற்கெனவே நாலு வைத்திருந்தார். நான் காவல் இருக்கும் தல்லாகுளத்துக் கல்யாண மண்டபத்துக்கே வந்தார். டேங்கைத் தடவிப் பார்த்தார். மனைவிக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில் சிரித்துச் சிரித்துப் பேசினார். பிறகு ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் இருந்த பெயிண்ட்டைத் தின்னர் தொட்டுத் துடைத்தார். சேசிஸ் நம்பர் அங்கேதான் இருக்கும். மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறிவிடும். ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்தத் தாளைக் கேட்பார்கள்.

தாளையும் ஆர்.சி. புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நம்பர் ஒத்து வரலையே."

"கண்ணாடிய மாட்டிப் பாருங்க."

"மாட்டித்தான் இருக்கேன். நீங்களே படிங்க."

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் எண் படிக்கத் தெரியும். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒத்து வரவில்லை. எஞ்சின் நம்பரும் வேறு.

"திருட்டு வண்டியாண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

தாளை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர், அண்ணன் செத்து என் பேருக்கு மாற்றியபோது எடுத்த பழைய பென்சில் தாளின் நகலையே ஒட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் பல்லைக் கடித்து உதைத்து, வாடிப்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் தாளைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்தப் பூசைக்கு ஒரே மாதிரி கருப்பு வண்டி ரெண்டு வந்துச்சு. மத்தது பால்காரருது. அம்புட்டையும் கழட்டிப் பெயிண்ட்டுக்கு விட்டேன். மறுநாள் சந்தனம் குங்குமம் வச்சு எடுத்துட்டுப் போகணும்னு ஆளாளுக்கு வாசல்ல நின்னீங்க. எஞ்சினோட ரெண்டு பிரேமும் மூலையில நின்னுச்சு. டேங்கு, சீட்டு, நம்பர் பிளேட்டு எல்லாம் கீழ கெடந்துச்சு..."

"மாத்தி மாட்டிட்ட."

"மாட்டிட்டேன் போலண்ணே."

டேங்கும் சீட்டும் அண்ணனுடையவை. அதற்குக் கீழே இருந்த எல்லாம் வேறு ஒருவருடையவை. அப்படியென்றால் அண்ணன் வண்டியை நான் ஒருநாள்கூட ஓட்டியதே இல்லை.

மெக்கானிக் போன் போட்டார். மத்தியானப் பால் ஊற்றிவிட்டுப் பால்காரர் வந்தார். என் வயசு, ஒடிசலான ஆள். அவர் வண்டியின் இரண்டு பக்கமும் கேன், டேங்கெல்லாம் சொட்டை, சைலன்சரில் சாணி. அதன் கழுத்தைத் துடைத்தோம். என் புத்தகத்தில் இருந்த நம்பர் அப்படியே இருந்தது. ஒரு தடவை உதைக்கச் சொன்னேன். அண்ணன் வண்டிச் சத்தத்தைத் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கேட்டுக்கொண்டே நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு வண்டிச் சத்தம்.

பால்காரர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வண்டியப் புடுங்கிக்கிருவீங்களாண்ணே? விடிஞ்சா இருபது வீட்டுக்கு ஊத்தணும். இதை விட்டா வேற இல்லை."

எடுத்துக்கொள்ளத்தான் மனசு சொன்னது. அண்ணன் உதைத்த கிக்கர், கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. எடுத்து என்ன செய்வது? எனக்கு உதைக்கக் கால் இல்லை. சாக்குப் போட்டு மறுபடியும் மூட வேண்டியதுதான்.

"நீங்களே ஓட்டுங்க," என்றேன். "எழுதிக் குடுத்துடுறேன்."

"அப்ப அது?" என்று பளபளப்பாக நின்ற வண்டியைக் காட்டினார். "பேப்பர்படி அது என் வண்டியாச்சே."

"ஆமா."

அதன் சீட்டை ஒரு தடவை தட்டினார். "தொடச்சு வச்சிருந்தது நீங்க. கையெழுத்த நான் போடுறேன், காசை நீங்க வாங்கிக்கங்க."

நம்பர் பிளேட்டை மாற்றி மாட்டியதற்கு மெக்கானிக் கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அடித்திருப்பேன்.

அடுத்த வாரம் மதுரையில் கையெழுத்து. பால்காரர் பதினெட்டு வருஷமாக அவர் ஓட்டாத வண்டியை விற்றார். நான் ஓட்டாத வண்டியை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். கே.கே. நகர்க்காரர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, கைகாட்டிவிட்டுப் போனார். பதினெட்டு வருஷம் பேசிய வண்டி. அதற்கு நான் யாரோ.

"ஏறுங்கண்ணே, மண்டபத்துல விட்டுட்டுப் போறேன்" என்றார் பால்காரர். கேனை நகர்த்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் கியர், இரண்டாவது. ரோடு காலியாக இருந்தது. மூன்றாவதைப் போட்டார்.

வலது உள்ளங்காலில் தடதடவென்று ஏறியது.

பால்காரர் தலையைத் திருப்பாமலே கத்தினார்: "காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்கண்ணே, அது அப்படித்தான் ஆடும். எம்புட்டோ பார்த்தாச்சு, நிக்க மாட்டேங்குது."

காலை எடுக்காமல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.